காயில் ஷாக்: எந்த ஸ்பிரிங், எத்தனை கிளிக்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலைச் சைக்கிளின் பின் ஷாக்கில் காற்றறைக்குப் பதிலாக எஃகுச் சுருள் ஸ்பிரிங் இருந்தால் அது காயில் ஷாக். ஏர் ஷாக்கில் அழுத்தம் சரியில்லை என்றால் பம்பை மாட்டி இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம். காயிலில் அது முடியாது. நம் எடைக்கும் ஃப்ரேமுக்கும் பொருந்தும் ஸ்பிரிங்கைக் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும். தப்பான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு ஷாக்கின் திருகுகளை எத்தனை கிளிக் (படி) திருகினாலும் வண்டி சரியாகாது. நம்மைத் தாங்குவது ஸ்பிரிங். அது எவ்வளவு வேகமாக அமுங்கி எழ வேண்டும் என்பதை மட்டும்தான் ஷாக்கின் உள்ளே ஆயிலால் வேலை செய்யும் டேம்பர் கவனிக்கிறது. அதனால் இங்கே பாதிக்கு மேல் ஸ்பிரிங்கைப் பற்றித்தான் பேச்சு.

கணக்குக்கு ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: பின் சக்கர டிராவல் (சக்கரம் மேலே எழும் தூரம்) 160 மி.மீ., ஷாக் 230×60 (நீளம் 230 மி.மீ., அமுங்கும் தூரம் 60 மி.மீ.), ஓட்டுபவர் ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை எல்லாம் சேர்த்து 80 கிலோ.

ஏர் ஷாக்கை விட்டுக் காயிலுக்கு மாறினால் என்ன கிடைக்கும்?

முதலில் கிடைப்பது பிடிமானம். ஏர் ஷாக்கில் காற்று கசியாமல் இருக்கப் பெரிய சீல்கள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். ஷாக் அசைய ஆரம்பிக்கும் முன் அந்த உராய்வைத் தாண்ட வேண்டும். காயிலில் அந்த சீல்களே கிடையாது. டேம்பர் ஷாஃப்ட்டைச் சுற்றி இருக்கும் சிறிய சீல் மட்டும்தான். வேர், சிறு கல், ஈரப்பாறை எதுவானாலும் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே போகும். வளைவில் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, நீண்ட இறக்கத்திலும் அது மாறாமல் இருப்பது. கனடாவின் விஸ்லர் பைக் பார்க் மாதிரி இடங்களில், பிரேக் பிடித்துப் பிடித்துக் குழிந்துபோன தரையில் பத்து நிமிடம் இறங்கினால் ஷாக் சூடாகும். காற்று சூடானால் அழுத்தம் ஏறும், ஷாக் கெட்டியாகும். எஃகு ஸ்பிரிங்குக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. ஆயில் சூடாவது இரண்டிலும் உண்டு, அது வேறு விஷயம்.

மூன்றாவது, நடுப்பகுதியில் தாங்கும் விதம். ஏர் ஸ்பிரிங் தொடக்கத்தில் ஒரு மாதிரி, நடுவில் கொஞ்சம் தளர்வு, கடைசியில் திடீரென்று கெட்டி என்று போகும். காயில் அப்படியல்ல. ஒரு அங்குலம் அமுக்க 450 பவுண்டு என்றால், அடுத்த அங்குலத்துக்கும் இன்னொரு 450தான்.

இழப்பதும் உண்டு. வண்டி எடை சுமார் 300 முதல் 500 கிராம் கூடும். சிறு மேட்டில் அழுத்தி எம்பிக் குதிக்கும் துள்ளல் குறையும். உங்கள் டிரெயில் வழவழப்பாக, ஜம்ப் நிறைந்ததாக இருந்தால், அல்லது ஒரே சைக்கிளை வீட்டில் இரண்டு பேர் ஓட்டினால், ஏர் ஷாக்கே நல்லது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

எல்லா ஃப்ரேமிலும் காயில் போடலாமா?

போடக் கூடாத ஃப்ரேம்கள் உண்டு. வாங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் விஷயமே இதுதான், ஆனால் பலர் ஷாக் கையில் வந்த பிறகுதான் இதைப் பார்க்கிறார்கள்.

பின் சக்கரம் எவ்வளவு நகர்ந்தால் ஷாக் எவ்வளவு நகர்கிறது என்பதுதான் லிவரேஜ் ரேஷியோ. நம் உதாரணத்தில் 160-ஐ 60-ஆல் வகுத்தால் 2.67. இது சராசரி. உண்மையில் டிராவலின் தொடக்கத்தில் ஒரு எண், முடிவில் வேறு எண். தொடக்கத்தில் 3.0, முடிவில் 2.3 என்றால் 23 சதவீதம் இறங்குகிறது. அதாவது உள்ளே போகப் போக ஷாக்கை அமுக்குவது கடினமாகிறது. கடைசியில் கெட்டியாகும் வேலையை ஃப்ரேமே செய்துவிடுகிறது. இப்படிப்பட்ட ஃப்ரேமுக்குக் காயில் கச்சிதமாகப் பொருந்தும்.

தொடக்கம் 2.8, முடிவு 2.6 என்றால் இறக்கம் 7 சதவீதம்தான். இந்த ஃப்ரேமை வடிவமைத்தவர்கள், கடைசியில் கெட்டியாகும் வேலையை ஏர் ஷாக் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பார்கள். இதில் நேர்கோட்டு ஸ்பிரிங்கைப் போட்டால் ஒவ்வொரு டிராப்பிலும் (உயரத்திலிருந்து குதித்து இறங்கும் இடம்) அடி தட்டும், அதாவது ஷாக் முழுதும் அமுங்கி முட்டும். என் கணக்கு இது: 20 சதவீதத்துக்கு மேல் என்றால் தாராளமாகப் போடலாம். 10-க்குக் கீழே என்றால் வேண்டாம். நடுவில் இருந்தால், கடைசிப் பகுதியில் ஆயிலால் தடுக்கும் ஹைட்ராலிக் பாட்டம் அவுட் வசதி உள்ள ஷாக், அல்லது போகப் போகக் கெட்டியாகும் ப்ரோகிரெஸிவ் ஸ்பிரிங் தேவைப்படும். எக்ஸ்ட் ஸ்டோரியா என்ற ஷாக்கில் அந்த ஹைட்ராலிக் வசதி உண்டு. ப்ரோகிரெஸிவ் ஸ்பிரிங்கை கேன் க்ரீக், எம்ஆர்பி போன்றவர்கள் விற்கிறார்கள்.

இன்னொன்று, ஷாக்கின் ஒரு முனை நேராக லிங்க்கில் (ஃப்ரேமின் அசையும் இணைப்புத் துண்டில்) மாட்டாமல், நீளமான கவட்டை போன்ற யோக்கில் மாட்டியிருக்கும் ஃப்ரேம்கள். பின் சக்கரத்தின் பக்கவாட்டு விசை அந்த நீளத்தால் பெருகி ஷாக் ஷாஃப்ட்டை வளைக்கப் பார்க்கும். ஏர் ஷாக்கில் பெரிய காற்றறை அந்த விசையைப் பங்குபோட்டுக்கொள்ளும். காயிலில் மெல்லிய ஷாஃப்ட் தனியாக மாட்டிக்கொள்ளும், ஒடிந்தும் இருக்கிறது. ஃப்ரேம் தயாரிப்பாளர் காயிலை அனுமதிக்கிறாரா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். அனுமதி இல்லை என்று எழுதியிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

ஷாக் அளவை எப்படிப் படிப்பது?

230×60 என்றால் முழுதாக நீண்டிருக்கும்போது ஒரு போல்ட் மையத்திலிருந்து மறு போல்ட் மையம் வரை 230 மி.மீ., ஷாஃப்ட் உள்ளே போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 60 மி.மீ. 210×55, 230×65, 250×75 எல்லாம் இதே வகை மெட்ரிக் அளவுகள். 205×65, 225×75 என்று இருந்தால் பெரும்பாலும் ட்ரனியன். மேல்முனையில் துளை இருக்காது, இரண்டு பக்கமும் போல்ட் நேராக ஷாக்கின் உடம்பிலேயே ஏறும். 2016-க்கு முந்தைய ஃப்ரேம்களில் 200×57, 216×63, 222×70 போன்ற பழைய அங்குல அளவுகள்தான் இருக்கும். அவை மெட்ரிக் ஷாக்கோடு சேராது.

ஸ்ட்ரோக் 5 மி.மீ. கூடினால் டிராவல் கூடும்தானே என்று சிலர் நீள ஸ்ட்ரோக் ஷாக்கைப் போடுவார்கள். சில ஃப்ரேம்கள் அதற்கு இடம் தரும். சிலவற்றில் முழுதாக அமுங்கும்போது டயர் போய் சீட் டியூபில் இடிக்கும்.

மாட்டிய பிறகு எதுவும் இடிக்காது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை மட்டும் மாட்டுங்கள். ப்ரீலோட் வளையத்தை (ஸ்பிரிங்கை இறுக்கும் வளையம்) கையால் தளர்த்தி மேலே ஏற்றினால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். கீழ்முனையில் ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் ஒரு பக்கம் வெட்டு இருக்கும். அந்த வெட்டு வழியாகத் தட்டை ஷாஃப்ட்டிலிருந்து உருவினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். கிளிப் வைத்துப் பிடித்திருக்கும் ஷாக்குகளில் முதலில் கிளிப்பை எடுக்க வேண்டும்.

இப்போது பின் சக்கரத்தை ஒரு கையால் மெதுவாக மேலே தூக்குங்கள். ஸ்பிரிங் இல்லாததால் சஸ்பென்ஷன் முழுதும் மடங்கும். ஒவ்வொரு செ.மீ.-க்கும் நிறுத்தி, ரிசர்வாயர் (ஷாக்கின் பக்கத்தில் இருக்கும் கூடுதல் அறை) ஃப்ரேமைத் தொடுகிறதா, லிங்க் ஷாக்கில் உரசுகிறதா, டயருக்கும் சீட் டியூபுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கின் வெளிவிட்டம் ஷாக்கைவிட அகலம் என்பதை மறக்காதீர்கள். அதற்கும் சில மி.மீ. இடம் வேண்டும். கடைசியில் ஷாஃப்ட்டில் இருக்கும் ரப்பர் பம்பர் நசுங்கும், அதுவரை போகட்டும்.

ஸ்பிரிங்கில் 450×65 என்று எழுதியிருக்கிறதே?

முதல் எண், ஒரு அங்குலம் அமுக்கத் தேவைப்படும் விசை, பவுண்டில். இரண்டாவது, அந்த ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கலாம் என்பது, மி.மீ.-யில் அல்லது அங்குலத்தில். இரண்டாவது எண் உங்கள் ஷாக் ஸ்ட்ரோக்குக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். 60 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு 65 போடலாம். 57 போட்டால் ஷாக் முடியும் முன்பே ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். அடி முழுதும் ஃப்ரேமுக்கும் ஷாக்குக்கும் போகும்.

ஓலின்ஸ் ஸ்பிரிங்குகளில் 457, 480, 502 என்று விசித்திரமான எண்களைப் பார்க்கலாம். அவர்கள் நியூட்டன் கணக்கில் செய்கிறார்கள். ஒரு மி.மீ.-க்கு 80 நியூட்டன் என்பது பவுண்டில் 457.

ஸ்பிரிங்கின் உள்விட்டம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதையும் பாருங்கள். தளர்வாக உட்கார்ந்தால் கடகடக்கும், இறுக்கமாக இருந்தால் ஷாக் பாடியை உரசும்.

சரி, எனக்கு எத்தனை பவுண்டு ஸ்பிரிங் வேண்டும்?

நிறுவனங்களின் இணையக் கணக்கி உங்களுக்கு ஒரு எண் தரும். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

பெடலில் எழுந்து நிற்கும்போது எடையில் சுமார் 65 சதவீதம் பின்னால் விழுகிறது என்று வைப்போம். 80 கிலோவில் அது 52 கிலோ, அதாவது 115 பவுண்டு. லிவரேஜ் 2.67 என்பதால் ஷாக்கின் மேல் விழுவது 115×2.67, சுமார் 307 பவுண்டு. இனி சேக், அதாவது நாம் ஏறி நின்றதும் ஷாக் தானாக இறங்கும் அளவு. காயிலுக்கு 30 சதவீதம் நல்ல தொடக்கம். 60 மி.மீ.-இல் 30 சதவீதம் 18 மி.மீ., அதாவது 0.71 அங்குலம். 307-ஐ 0.71-ஆல் வகுத்தால் 432. சைக்கிளின் சொந்த எடையும் கொஞ்சம் அழுத்துவதால் 450-ஐ எடுக்கலாம்.

இதே ஃப்ரேமில் எடை 10 கிலோ மாறினால் ஸ்பிரிங் சுமார் 50 பவுண்டு மாறும். எடை பார்க்கும்போது ஓட்டப் போகும் கோலத்திலேயே, பையோடு தராசில் ஏறுங்கள். வீட்டு எடைக்கும் டிரெயில் எடைக்கும் 5 கிலோ வித்தியாசம் சாதாரணமாக வரும். கணக்கு அங்கேயே தவறிவிடும்.

நண்பரும் என் எடைதான், அவருடைய ஸ்பிரிங்கையே வாங்கலாமா?

ஃப்ரேம் வேறு என்றால் கூடாது. அதே 80 கிலோ ஆள், 170 மி.மீ. டிராவலும் 65 மி.மீ. ஸ்ட்ரோக்கும் உள்ள சைக்கிளில் ஏறினால் கணக்கு 390 பக்கம் வரும். 150 மி.மீ. டிராவலும் 50 மி.மீ. ஸ்ட்ரோக்கும் உள்ளதில் 580-ஐத் தாண்டும்.

சேக்கை எப்படி அளப்பது? ஏர் ஷாக்கில் இருக்கும் ரப்பர் வளையம் இதில் இல்லையே?

டேப் போதும். ஆனால் இன்னொருவர் உதவி வேண்டும்.

ஏற்றத்தில் ஷாக்கை இறுக்கிவைக்கும் க்ளைம்ப் சுவிட்சைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஷாக் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஷன் கிளிக்குகளையும் திறந்துவிடலாம். யாரும் ஏறாதபோது போல்ட் மையம் முதல் போல்ட் மையம் வரை அளந்தால் 230 வர வேண்டும். அப்புறம் முழு உடுப்போடு ஏறி, பெடல்களைச் சமமாக வைத்து, முழங்கையும் முழங்காலும் லேசாக மடங்கியபடி, இறக்கத்தில் நிற்பது போலவே நில்லுங்கள். உதவிக்கு வந்தவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளட்டும். பின்னால் நான்கைந்து முறை நன்றாக அமுக்கி எழுந்து, அசையாமல் நில்லுங்கள். இப்போது அவர் அளந்தால் 212 வருகிறதா? 18 மி.மீ. இறங்கியிருக்கிறது, 30 சதவீதம். மூன்று முறை இப்படி அளந்து சராசரி எடுங்கள். ஒரே அளவை நம்பினால் 2 மி.மீ. பிசகு எளிதில் புகுந்துவிடும், அதுவே 3 சதவீதத்துக்கு மேல்.

28 முதல் 33 வரை எதுவும் ஓட்டக்கூடியதுதான். செங்குத்தான, வேகமான இடங்களில் ஓட்டுபவர்கள் 28 பக்கமும், வழுக்கும் வேர்க்காட்டில் ஓட்டுபவர்கள் 32 பக்கமும் வைத்தால் நன்றாக இருக்கும். சேணத்தில் உட்கார்ந்து அளந்தால் எண் பெரிதாகவே வரும். எப்படி அளந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அளந்துகொள்ளுங்கள்.

சேக் அதிகமாக இருக்கிறது. ப்ரீலோட் வளையத்தை இறுக்கினால் போதாதா?

போதாது. காயில் விஷயத்தில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ப்ரீலோட் ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மையை மாற்றாது. 450 ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கினாலும் 450தான். தொடக்கத்திலேயே கொஞ்சம் அமுக்கி வைக்கிறது, அவ்வளவே. வளையத்தை இறக்கி ஸ்பிரிங்கை 2 மி.மீ. அமுக்கி வைத்தால், ஷாக் அசைய ஆரம்பிக்கும் முன்பே 35 பவுண்டு விசை வேண்டும். காயிலுக்கு எதற்காக மாறினோமோ, அந்தச் சிறு மேடுபள்ளத்து மென்மையை நாமே பூட்டி வைக்கிறோம்.

இப்போது நம் 80 கிலோ ஆளுக்கு இரண்டு வழிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 450 ஸ்பிரிங்கில் 2 மி.மீ. ப்ரீலோட் ஒரு வழி. ப்ரீலோட் இல்லாமல் 500 ஸ்பிரிங் இன்னொரு வழி. இரண்டிலும் சேக் கிட்டத்தட்ட 26 சதவீதம் வரும். டேப்பை மட்டும் நம்பினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 60 மி.மீ. முழுதும் அமுங்க, முதலாவதில் சுமார் 1,100 பவுண்டு போதும். இரண்டாவதில் சுமார் 1,180 வேண்டும். ப்ரீலோடே இல்லாத 450-க்கு 1,063. ஆக, ப்ரீலோட் இறுக்கியதால் அடி தட்டுவதற்கு எதிராகக் கிடைத்தது 3 சதவீதம்தான், ஸ்பிரிங் மாற்றினால் கிடைப்பது 11 சதவீதம்.

எனவே வளையம் ஸ்பிரிங்கைத் தொட்ட பிறகு அரை முதல் ஒரு சுற்று, ஸ்பிரிங் ஆடாமல் இருக்கும் அளவுக்கு. அதிகபட்சம் இரண்டு சுற்று. அதற்கு மேல் தேவைப்பட்டால் கெட்டியான ஸ்பிரிங் வாங்கும் நேரம் வந்துவிட்டது. மறுபக்கமும் உண்டு: வளையம் ஸ்பிரிங்கை வெறுமனே தொட்ட நிலையிலேயே சேக் 25-க்குக் கீழே என்றால் ஸ்பிரிங் உங்களுக்குக் கெட்டி. வளையத்தைத் தளர்த்தி இடைவெளி விட்டு ஓட்டவே கூடாது, ஸ்பிரிங் இடம் நழுவும்.

கணக்கு இரண்டு ஸ்பிரிங்குக்கு நடுவில் வருகிறது. எதை எடுப்பது?

சாதாரண எஃகு ஸ்பிரிங்குகள் 50 பவுண்டு இடைவெளியில் வரும். ஃபாக்ஸின் எஸ்எல்எஸ் போன்ற எடை குறைந்த வகைகள் 25 இடைவெளியில் கிடைக்கும். முடிந்தால் அதையே எடுங்கள். ஸ்பிரின்டெக்ஸ் என்றொரு ஸ்பிரிங் உண்டு. அதன் ஒரு முனையில் இருக்கும் வளையத்தைத் திருகினால் வேலை செய்யும் சுற்றுகளின் நீளம் மாறும், அதனால் கெட்டித்தன்மையே குறிப்பிட்ட வரம்புக்குள் மாறும். உங்களுக்கான எண்ணை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் மூன்று ஸ்பிரிங் வாங்குவதைவிட இது ஒன்று சிக்கனம்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், ஃப்ரேம் நன்றாகக் கெட்டியாகும் வகையாக இருந்தால் மென்மையானதை எடுங்கள், நேர்கோட்டு வகையாக இருந்தால் கெட்டியானதை.

டைட்டானியம் ஸ்பிரிங் வாங்கலாமா?

எடை குறையும், விலை பல மடங்கு. சரியான எண் உறுதியான பிறகு, காசும் இருந்தால் வாங்குங்கள்.

ரீபவுண்டை எப்படி அமைப்பது?

அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகத்தில் திரும்பி எழுகிறது என்பதுதான் ரீபவுண்ட். திருகை வலப்பக்கம் முழுதாக மூடிவிட்டு, இடப்பக்கம் திருகிக்கொண்டே மொத்தம் எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதி வையுங்கள். எல்லா அமைப்பையும் மூடிய நிலையிலிருந்து எண்ணுவதே வழக்கம். கையேட்டில் உங்கள் ஸ்பிரிங்குக்கு ஒரு எண் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள், இல்லையென்றால் நடுவிலிருந்து.

முதல் சோதனை நடைபாதை விளிம்பில். சேணத்தில் உட்கார்ந்தபடியே மெதுவாக இறங்குங்கள். பின்பக்கம் அமுங்கி, எழுந்து, ஒரே ஒரு முறை லேசாகத் தாண்டி அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ரீபவுண்ட் வேகம் அதிகம், ஓரிரு கிளிக் மூடுங்கள்.

டிரெயிலில் இதைவிடக் கவனம் வேண்டும். ஜம்ப்பின் விளிம்பில் பின்பக்கம் உங்களை முன்னால் தூக்கி எறிகிறதா? வேகம் அதிகம். ஆனால் வரிசையாகக் கற்கள் உள்ள இடத்தில், முதல் இரண்டு கல் மென்மையாகவும் அடுத்தடுத்தவை கல்லால் அடிப்பது போலவும் இருந்தால், ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் இடையில் ஷாக் எழ நேரம் கிடைக்காமல் கீழேயே மாட்டிக்கொள்கிறது. இதை ஷாக் கெட்டியாக இருக்கிறது என்று நினைத்து கம்ப்ரஷனைத் திறப்பவர்கள் நிறைய. திறந்தால் இன்னும் ஆழமாகப் போய் நிலைமை மோசமாகும். கம்ப்ரஷனைத் தொட வேண்டாம், திறக்க வேண்டியது ரீபவுண்டை.

ஸ்பிரிங்கை 50 பவுண்டு கூட்டினால் அது எழும் விசையும் கூடும், எனவே ரீபவுண்டை ஒன்றிரண்டு கிளிக் மூட வேண்டியிருக்கும். குளிர் அதிகமான காலையில் ஆயில் கெட்டியாக இருப்பதால் எல்லாமே மெதுவாகத் தோன்றும். சூடாகும் வரை எதையும் மாற்றாதீர்கள்.

லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடு கம்ப்ரஷன் என்று இரண்டு திருகு இருக்கிறது. மெதுவாகப் போனால் ஒன்று, வேகமாகப் போனால் இன்னொன்றா?

இல்லை. இங்கே வேகம் என்பது ஷாஃப்ட் நகரும் வேகம். நீங்கள் 40 கி.மீ. வேகத்தில் பெர்மில் (வெளிவிளிம்பு உயர்த்திய வளைவில்) சாய்ந்து அழுத்தினாலும் ஷாஃப்ட் மெதுவாகத்தான் இறங்கும்; அது லோ ஸ்பீடு. பெடல் மிதிப்பது, உடலை அழுத்துவது எல்லாம் அதே கணக்கு. நடை வேகத்தில் போய்ச் சதுர விளிம்புக் கல்லில் முட்டினாலும் ஷாஃப்ட் சட்டென்று பாயும். அது ஹை ஸ்பீடு.

பெர்மில் பின்பக்கம் சொத்தென்று உட்கார்கிறது, மிதித்தால் தொட்டிலாக ஆடுகிறது என்றால் லோ ஸ்பீடை இரண்டு கிளிக் மூடுங்கள். வேரில் பிடிமானம் போய்ப் பின்சக்கரம் நழுவுகிறது என்றால் திறந்துவிடுங்கள். கூரான கல்லில் பாதம் வலிக்கும் அளவு அடி வருகிறது என்றால் ஹை ஸ்பீடைத் திறந்துவிடுங்கள். தட்டையான தரையில் குதித்து இறங்கும்போது டிராவல் சட்டென்று தீர்ந்தால் மூடுங்கள். பல ஷாக்குகளில் ஒரே கம்ப்ரஷன் திருகுதான் இருக்கும், அது பெரும்பாலும் லோ ஸ்பீடுதான். ஒன்றே இருப்பது ஒரு குறையும் இல்லை. மார்சோக்கி பாம்பர் சிஆர் போன்ற எளிய ஷாக்கில் சரியான ஸ்பிரிங் போட்டவர், நான்கு திருகு உள்ள விலை உயர்ந்த ஷாக்கில் தவறான ஸ்பிரிங் போட்டவரைவிட நிம்மதியாக இறங்குவார்.

எந்த வரிசையில் மாற்றுவது?

ஸ்பிரிங், ரீபவுண்ட், லோ ஸ்பீடு கம்ப்ரஷன், கடைசியில் ஹை ஸ்பீடு. இரண்டு நிமிடத்தில் முடியும் ஒரே துண்டு டிரெயிலைத் தேர்ந்தெடுங்கள். கல், வளைவு, ஒரு சிறிய டிராப் இருந்தால் நல்லது. ஒரு முறைக்கு ஒரே திருகு, இரண்டு கிளிக். ஒரு கிளிக் வித்தியாசம் பலருக்கும் தெரியாது. உண்மையிலேயே எது என்ன செய்கிறது என்று உடம்புக்குப் புரிய வேண்டுமானால், பாதுகாப்பான, மெதுவான இடத்தில் ரீபவுண்டை முழுதாக மூடி ஒரு முறை, முழுதாகத் திறந்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். டயர் காற்றழுத்தத்தையும் ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். டயரில் 3 பிஎஸ்ஐ மாறினால் அந்த வித்தியாசத்தை ஷாக்கின் தலையில் கட்டிவிடுவோம்.

அடி தட்டுகிறது. என்ன செய்ய?

எப்போது தட்டுகிறது என்பதுதான் கேள்வி. அன்றைய மிகப் பெரிய டிராப்பில் ஒரு முறை மெதுவாகத் தட்டினால், டிராவல் முழுதும் பயன்படுகிறது என்று பொருள், அது நல்லதே. சாதாரணக் கற்களிலேயே டங்கென்று உலோகச் சத்தத்தோடு தட்டினால் சேக்கை மறுபடி அளந்து பாருங்கள். சேக் 33-க்கு மேல் என்றால் ஸ்பிரிங் மென்மை. சேக் சரியாக இருந்தும் தட்டினால் ஹை ஸ்பீடு கம்ப்ரஷன், ஹைட்ராலிக் பாட்டம் அவுட் திருகு இருந்தால் அது. அதுவும் போதாவிட்டால் ப்ரோகிரெஸிவ் ஸ்பிரிங். எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால் அந்த ஃப்ரேம் காயிலுக்கு ஏற்றதல்ல.

எவ்வளவு டிராவல் பயன்படுகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. ரப்பர் பம்பர் ஷாஃப்ட்டை இறுக்கமாகப் பிடித்திருக்கும் ஷாக்குகளில், அதை விரலால் ஷாக் பாடி வரை தள்ளி வையுங்கள். ஓட்டி முடித்ததும் அது எங்கே தள்ளப்பட்டிருக்கிறதோ அதுதான் ஷாக் போன ஆழம்.

ஏற்றத்தில் காயில் கஷ்டம் தருமா?

தார் ரோட்டில் எழுந்து மிதித்தால் ஆடும், க்ளைம்ப் சுவிட்சைப் போட்டுக்கொள்ளுங்கள். வேரும் கல்லுமான ஏற்றத்தில் சுவிட்சைத் திறந்தே விடுங்கள். ஏர் ஷாக் நழுவும் இடத்தில் காயில் ஒட்டிக்கொண்டு ஏறும்.

பின்னால் காயில் போட்டபின் முன் ஃபோர்க் முரடாகத் தெரிகிறதே?

பின்பக்கம் மென்மையானதால் அப்படித் தெரிகிறது, சேக்கும் கூடியிருந்தால் முன்பக்கம் உயர்ந்தும் நிற்கும். ஃபோர்க்கில் காற்றை 2, 3 பிஎஸ்ஐ குறைத்து, தேவைப்பட்டால் உள்ளே ஒரு வால்யூம் ஸ்பேசர் (காற்றறையின் இடத்தைக் குறைக்கும் துண்டு) கூட்டிப் பாருங்கள். ஃபோர்க்குக்கும் காயில் மாற்றுக் கிட் உண்டு, வோர்ஸ்ப்ரங் ஸ்மாஷ்பாட் போல. ஆனால் அதற்குமுன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களைத் திறந்து ஆயிலும் சீலும் மாற்றுங்கள். பாதி முரட்டுத்தனம் அங்கேயே போய்விடும்.

என் எடை 55 கிலோ. காயில் எனக்கு வேலை செய்யுமா?

செய்யும், இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். உங்கள் கணக்கு 300 பவுண்டு பக்கமோ அதற்குக் கீழோ வரும். அந்த ஸ்பிரிங் உங்கள் ஷாக்குக்குக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன் உறுதிசெய்யுங்கள். அடுத்தது, ஷாக்கின் உள் வால்வுகள் நடுத்தர எடைக்கு அமைக்கப்பட்டவை. ரீபவுண்டை முழுதாகத் திறந்தும் மெதுவாகவே எழுந்தால், சஸ்பென்ஷன் சர்வீஸ் செய்பவரிடம் உள் ஷிம்களை (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய தகடுகள்) மாற்றித் தரச் சொல்லுங்கள். 100 கிலோவைத் தாண்டியவர்களுக்கும் இதே பேச்சு எதிர்த்திசையில் பொருந்தும். இந்த இரண்டு கோடியிலும் இருப்பவர்களுக்கு, புதிய விலை உயர்ந்த ஷாக்கைவிட, தங்களுக்கென்று வால்வு மாற்றிய சாதாரண ஷாக்தான் நிறைவு தரும்.

இ-பைக் என்றால்?

மோட்டாரும் பேட்டரியும் ஸ்பிரிங்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு படி கெட்டியான ஸ்பிரிங்கிலிருந்து தொடங்கி, சேக் அளந்து முடிவு செய்யுங்கள்.

ஸ்பிரிங் டிங், கிரீச் என்று சத்தம் போடுகிறது.

அமுங்கும்போது ஸ்பிரிங் கொஞ்சம் சுழலப் பார்க்கும். தாங்கும் தட்டில் மண் இருந்தால் உரசிச் சத்தம் வரும். கழற்றித் துடைத்து, இரு முனையிலும் மெல்லியதாக கிரீஸ் தடவுங்கள். முனையில் சுழலும் பேரிங் வளையம் சேர்த்தாலும் அடங்கும். டக் டக் என்று அடிக்கும் சத்தம் என்றால் அது வேறு. சேணத்தைப் பிடித்து வண்டியை ஒரு மி.மீ. தூக்கித் தூக்கி விடுங்கள், இன்னொரு கை விரலை ஷாக் முனையும் ஃப்ரேமும் சேரும் இடத்தில் வையுங்கள். விரலில் ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது.

காயிலுக்கு சர்வீஸே வேண்டாமாமே?

காற்றறை சர்வீஸ்தான் வேண்டாம். டேம்பரில் ஆயிலும் சீலும் இருக்கத்தான் செய்கின்றன. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஒரு வருடம் என்கிறது, ராக்‌ஷாக்ஸ் 200 மணி நேரம் என்கிறது. மழையிலும் சேற்றிலும் ஓட்டினால் அதற்கு முன்பே கொடுங்கள். டேம்பரின் உள்ளே அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். அந்தத் திருகை வீட்டில் திறக்காதீர்கள்.

பழைய காயில் ஷாக் வாங்கலாமா?

வாங்கலாம், ஏர் ஷாக்கைவிடத் துணிந்து வாங்கலாம். ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்லி, ஷாஃப்ட்டை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். நகத்தை வைத்து இழுக்கும்போது மாட்டும் கீறல் இருந்தால் சீல் சீக்கிரம் போகும். ஷாஃப்ட்டைக் கையால் உள்ளே தள்ளி விடுங்கள். வழவழவென்று ஒரே சீராகப் போய்த் திரும்ப வேண்டும். நடுவில் தடை இல்லாமல் சட்டென்று நழுவினாலோ, சளக் சளக் என்று கேட்டாலோ ஆயிலில் காற்று கலந்திருக்கிறது. சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கூட வரும் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்தாது என்று வைத்தே பட்ஜெட் போடுங்கள்.